ஜிம் ரீவ்ஸ், பாட்ஸி க்ளைன் ஜோடிப் பாட்டு எந்த வருடம் பதிவானது?

மாலைக்காற்று:
அனைவருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்த ஜிம் ரீவ்ஸ் கேசட்டுகள் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. டிசம்பர் வந்துவிட்டால் அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டு ஓடாமல் எங்கள் வீட்டில் கேக் வெட்ட விடமாட்டார்கள். போன வாரம் யூடியூபில் அவரைத் தேடியபோது பாட்ஸி க்ளைன் என்ற பாடகியோடு அவர் பாடிய 'ஹேவ் யூ எவர் பீன் லோன்லி' கிடைத்தது. அடேயப்பா, என்ன குரல் அந்த அம்மாவுக்கு! இருவரும் எந்த வருடம் சேர்ந்து பாடினார்கள்? இன்னும் எத்தனை ஜோடிப் பாட்டு இருக்கிறது? பாட்ஸி க்ளைனைப் புதிதாகக் கேட்பவன் எங்கே ஆரம்பிக்கலாம்?

ஊசிமுனை:
எந்த வருடமும் இல்லை. இருவரும் ஒரு பாட்டைக்கூடச் சேர்ந்து பதிவு செய்ததில்லை. பாட்ஸி 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில் போய்விட்டார், அப்போது வயது 30. ரீவ்ஸ் 1964 ஜூலை 31இல் போனார், அதுவும் விமான விபத்துதான். நீங்கள் கேட்ட ஜோடிப் பாட்டு வெளிவந்தது 1981இல்.

ரீவ்ஸ் ஆர்சிஏ என்ற ரெக்கார்டு கம்பெனிக்காரர், பாட்ஸி டெக்கா கம்பெனி. இருவரும் அந்தப் பாட்டைத் தனித்தனியாகப் பாடி வைத்திருந்தார்கள். ரீவ்ஸின் தயாரிப்பாளர் செட் அட்கின்ஸும் பாட்ஸியின் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியும் பின்னாளில் மூல டேப்பிலிருந்து இருவர் குரலையும் பிரித்தெடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, கீழே புதிதாக வாத்தியங்களை வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் கண்ட்ரி, அதாவது நாட்டுப்புறச் சாயல் இசைக்கான, விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம் வரை போனது. 'ஐ ஃபால் டு பீசஸ்' பாட்டையும் இப்படியே ஜோடியாக்கினார்கள். இரண்டே இரண்டுதான்.

எங்கே ஆரம்பிக்கலாம் என்றால், 1967இல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு. 12 பாட்டு. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி பிரதிகள் விற்றதாகச் சான்றிதழ் பெற்றது. தயவுசெய்து '50 பொன்னான பாடல்கள்' என்று சல்லிசாக வரும் சிடி எதையும் வாங்கிவிடாதீர்கள்.

கொழும்புக்கோட்டை:
தம்பி, இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில ஜிம் ரீவ்ஸ் ஒலிக்காத நாள் ஏது! கண்ட்ரி என்றாலே எங்களுக்கு அவர்தான். பாட்ஸியை நான் கனடா வந்த பிறகுதான் வடிவாகக் கேட்டேன். இங்கே பழைய ரெக்கோர்ட் கடைகளில் அவருடைய இசைத்தட்டு எப்பவும் இரண்டாவது இருக்கும். ஆனால் ஊசிமுனை சொன்ன அந்த 50 பாட்டுத் தட்டும் பக்கத்திலேயே இருக்கும், பாதி விலையில. அது ஏன் அவ்வளவு மலிவு என்று எனக்கும் தெரிய விருப்பம்.

டேப்டெக்:
குரலை எப்படிப் பிரித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

1960 வாக்கில் கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பெரிய ஸ்டூடியோக்களில் மூன்று டிராக் டேப் வந்துவிட்டது. அரை அங்குல டேப்பில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று தடங்கள். குரலுக்கு ஒன்றை ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டில் வாத்தியங்களையும் கோரஸையும் வயலின்களையும் பங்கு போடுவார்கள். குரல் தனித்தடத்தில் இருந்ததால்தான் இருபது வருடம் கழித்து அதை மட்டும் உருவ முடிந்தது. பாட்ஸி 1957இலேயே இறந்திருந்தால் இந்த ஜோடிப் பாட்டுக்கு வழியே இல்லை. அந்த ஆரம்ப காலப் பதிவுகள் மோனோ, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

எல்லோரும் ஒரே அறையில் இருந்து வாசித்ததால் குரல் தடத்திலும் டிரம் கொஞ்சம் கசிந்திருக்கும். அடியில் புது டிரம் போட்டால் அது மறைந்துவிடும். ஹெட்போனில் கவனித்துக் கேளுங்கள், பாட்ஸியின் குரலைச் சுற்றி இருக்கும் காற்று வேறு, ரீவ்ஸின் குரலைச் சுற்றி இருக்கும் காற்று வேறு.

மாலைக்காற்று:
அய்யோ, நம்பவே முடியவில்லை. ஊசிமுனை சார், எச்சரிக்கை கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது. 50 பாட்டு சிடியை ஆன்லைனில் ஆர்டர் போட்டு அது வீட்டுக்கும் வந்துவிட்டது. குரல் அதே குரல்தான். ஆனால் பத்துப் பாட்டு கேட்டும் ஒன்றும் மனசில் நிற்கவில்லை. 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' மட்டும் பிரமாதம். ஏன் இப்படி?

ஊசிமுனை:
அதுதான் பாட்ஸியின் ரெக்கார்டிங் வாழ்க்கையின் முழுக் கதையும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்ஸி 1954இல் 4 ஸ்டார் என்ற கலிபோர்னியா கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். முதலாளி பில் மெக்கால். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: 4 ஸ்டாரிடம் பதிப்புரிமை இருக்கும் பாட்டைத்தான் பாட்ஸி பதிவு செய்யலாம். வேறு யார் எவ்வளவு நல்ல பாட்டு எழுதிக்கொண்டு வந்தாலும் தொட முடியாது. சந்தையில் எவ்வளவு பொன்னி அரிசி குவிந்து கிடந்தாலும் வீட்டுக்கார அண்ணாச்சி கடை அரிசியைத்தான் பொங்கித் தின்ன வேண்டும் என்பது போல. ராயல்டி இரண்டே சொச்சம் சதவீதம், அந்தக் கால வழக்கத்தில் பாதி. பதிவுச் செலவும் பாடுபவர் கணக்கில்தான் பற்று.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பழைய தட்டுகளின் லேபிளில் பாடலாசிரியர் இடத்தில் டபிள்யூ. எஸ். ஸ்டீவன்சன் என்ற பெயர் அடிக்கடி வரும். அப்படி ஓர் ஆள் கிடையாது, அது மெக்கால் வைத்துக்கொண்ட புனைபெயர். எழுதிய ஏழைக் கவிஞரின் பெயருக்குப் பக்கத்தில் இதையும் ஒட்டிவிட்டால் பாடலாசிரியர் பங்கிலும் முதலாளிக்கு ஒரு துண்டு.

4 ஸ்டார் பதிவுகளை டெக்கா வாங்கி வெளியிட்டது, ஆரம்பத்தில் அதன் துணை லேபிளான கோரலில். 1955 ஜூன் 1 அன்று நாஷ்வில்லில் முதல் பதிவு, தயாரிப்பு ஓவன் பிராட்லி. அப்போதிருந்து 1960 வரை 51 பாட்டு. அதில் ஓடியது ஒன்றே ஒன்று. நீங்கள் பிரமாதம் என்று சொன்னீர்களே, அதேதான். 1956 நவம்பர் 8இல் பதிவு. 1957 ஜனவரி 21 அன்று ஆர்தர் காட்ஃப்ரேயின் டிவி நிகழ்ச்சியில் பாட்ஸி அதைப் பாட, கைதட்டலை அளக்கும் மீட்டர் முள் கடைசிக் கோட்டில் போய் நின்றதாம். அடித்துப் பிடித்துத் தட்டை வெளியிட்டார்கள். கண்ட்ரி பட்டியலில் 2ஆம் இடம், பாப் பட்டியலில் 12ஆம் இடம். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

4 ஸ்டார் இந்த 51 பாட்டின் மூலப் பதிவுகளையும் கேட்ட கம்பெனிக்கெல்லாம் வாடகைக்கு விட்டது. அவைதான் சல்லிசுத் தட்டுகளாகச் சுற்றுகின்றன. மாலைக்காற்று கையில் இருப்பது அந்த 4 ஸ்டார் மூட்டை.

1960இல் ஒப்பந்தம் முடிந்தது. டெக்காவோடு நேரடியாகக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடமே நவம்பர் 16இல் 'ஐ ஃபால் டு பீசஸ்' பதிவு, 1961 ஆகஸ்டில் கண்ட்ரி பட்டியலில் முதலிடம். அப்புறம் 'கிரேசி', 1962இல் 'ஷீஸ் காட் யூ', மறுபடியும் முதலிடம். மூன்றே வருடத்தில் எல்லாம். பாடகி அதே பாட்ஸி, தயாரிப்பாளர் அதே பிராட்லி, ஊரும் அதே ஊர். மாறியது பாட்டு.

வக்கீல்வண்டு:
இந்த மாதிரி ஷரத்து இன்றைக்கும் வேறு வேஷத்தில் வருகிறது. ஒப்பந்தம் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் சதவீதத்தைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது தேர்வு யார் கையில் என்பதை. பாட்ஸிக்கு 10 சதவீதம் கொடுத்து அதே ஷரத்தை வைத்திருந்தாலும் கதை இதுதான், ஓடாத பாட்டில் 10 சதவீதம் என்ன, 50 சதவீதம் என்ன?

மெக்காலுக்கும் அது நஷ்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் ரெக்கார்டு விற்றுப் பிழைத்ததைவிடப் பாட்டின் உரிமையில் பிழைத்ததே அதிகம். பாட்ஸி போன்ற குரலில் தன் பாட்டு 51 பதிவாகிவிட்டால் அது அவருக்குச் சொத்து. ஓடினால் லாபம், ஓடாவிட்டாலும் செலவு பாட்ஸி தலையில்.

மரக்கட்டை:
எல்லாரும் ஒப்பந்தம் ஒப்பந்தம் என்கிறீர்கள். எனக்கு வேறு கருத்து.

1956இல் ராக் அண்ட் ரோலோடு எல்விஸ் பிரெஸ்லி வந்த பிறகு கண்ட்ரிக்காரர்களின் பிழைப்பு ஆடிப்போயிற்று. உடனே அட்கின்ஸும் பிராட்லியும் என்ன செய்தார்கள்? நாட்டுப்புற பாணிப் பிடிலை நீக்கினார்கள், கம்பி மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிதாரை நீக்கினார்கள், ஜோர்டனேர்ஸ் என்று நாலு பேரை 'ஊ... ஆ...' போட நிறுத்தினார்கள், மேலே வயலின் கூட்டத்தைக் கொட்டினார்கள். அதற்கு நாஷ்வில் சவுண்ட் என்று பெயர் வேறு. பாட்ஸி வர்ஜீனியாவில் வின்செஸ்டர் என்ற சின்ன ஊர்ப் பெண். அம்மா தைத்துக் கொடுத்த குஞ்சம் வைத்த கௌபாய் உடையில் மேடை ஏறி, குரலைச் சட்டென்று மேலும் கீழும் உடைக்கும் யோடலிங் பாடினவர். காட்ஃப்ரே நிகழ்ச்சியிலேயே அந்த உடை வேண்டாம், பார்ட்டி கவுன் போடு என்று மாற்றிவிட்டார்கள். மூன்று வருட வெற்றி என்கிறீர்களே, அது பாப் பட்டியலுக்காக ஒரு கண்ட்ரிப் பாடகியைக் காய வைத்துப் பிழிந்த கதை. பழைய கண்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸைக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு அந்த வயலின் எல்லாம் ஹோட்டல் லிஃப்ட் சங்கீதம்.

ஊசிமுனை:
மரக்கட்டை, உங்களுக்காகவே ஒரு பரீட்சை இருக்கிறது. 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' இரண்டு தடவை பதிவானது. 1956இல் ஒன்று. 1961இல் 'ஷோகேஸ்' ஆல்பத்துக்காக அதே பாட்டை மறுபடி பாடினார், இந்தத் தடவை ஜோர்டனேர்ஸ் சகிதம், ஸ்டீரியோவில், நீங்கள் திட்டும் அந்த சவுண்டில்.

1956 பதிவில் ஸ்டீல் கிதார் யார் தெரியுமா? டான் ஹெல்ம்ஸ். உங்கள் ஹாங்க் வில்லியம்ஸிடம் வாசித்த அதே டான் ஹெல்ம்ஸ். பாட்டு முழுக்க அந்தக் கம்பி பாட்ஸிக்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும். 1961 பதிவு வழவழவென்று இருக்கும், குரல் இன்னும் கனிந்திருக்கும், ஆனால் அந்த நடை இல்லை. நான் 1956 கட்சி. எனவே சவுண்ட் மாறியதால்தான் வெற்றி என்று நான் சொல்லவில்லை, நீங்களும் சவுண்ட் மாறியதால்தான் கெட்டது என்று சொல்ல முடியாது. 'ஐ ஃபால் டு பீசஸ்' பாட்டில் ஸ்டீல் இருக்கிறதே? வாசித்தவர் பென் கீத், பின்னாளில் ராக் பாடகர் நீல் யங்கோடு காலமெல்லாம் வாசித்தவர். அந்தப் பாட்டை முதலில் பாடகி பிரெண்டா லீயிடம் கொண்டுபோனார்கள். ரொம்பக் கண்ட்ரியாக இருக்கிறது என்று வேண்டாம் என்றுவிட்டார்!

ஒரு குறிப்பு: 1967 தொகுப்பில் இருக்கும் 'வாக்கின்' இந்த 1961 பதிவுதான். மாலைக்காற்று கேட்டது 1956. அந்த மூட்டையில் இருக்கும் ஒரே மாணிக்கம் அது, அதற்காக சிடியை வைத்துக்கொள்ளுங்கள்.

மரக்கட்டை:
டான் ஹெல்ம்ஸ் என்றதும் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் 'ஸ்வீட் டிரீம்ஸ்' பாட்டின் வயலின் விஷயத்தில் மூடமாட்டேன்.

டேப்டெக்:
சவுண்ட் பற்றிப் பேசும்போது பலரும் கோரஸையும் வயலினையும்தான் சொல்கிறார்கள். அடியில் நடப்பதைக் கவனியுங்கள். பாப் மூர் நின்று வாசிக்கும் பெரிய பேஸ். அதே சுரங்களை ஓவனின் தம்பி ஹரால்ட் பிராட்லி ஆறு கம்பி எலெக்ட்ரிக் பேஸில் உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக்கொண்டு கூடவே வாசிப்பார். 'டிக் டாக் பேஸ்' என்பார்கள். பெரிய பேஸின் கும்மென்ற சத்தத்துக்கு இது ஒரு நுனி கொடுக்கும், 'டக்' என்று. சின்ன ரேடியோவில், கார் ஸ்பீக்கரில் பெரிய பேஸ் கேட்காமல் போனாலும் இந்த டக் கேட்கும். அந்தக் காலத்தில் பாட்டு விற்றதே அந்த ஸ்பீக்கர்களில்தான்.

அப்புறம் 'கிரேசி'. நாஷ்வில்லில் வழக்கமாக ஒரு பதிவு நேரம் மூன்று மணி, அதற்குள் மூன்று நான்கு பாட்டை முடித்துவிடுவார்கள். எழுதிய சுரக்குறிப்பு கிடையாது. டெமோ என்னும் மாதிரிப் பதிவை ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை எண்களால் குறித்துக்கொண்டு உட்காருவார்கள். 'கிரேசி'க்கு 1961 ஆகஸ்ட் 21இல் உட்கார்ந்தவர்கள் அந்த ஒரு பாட்டிலேயே சுமார் நாலு மணி நேரம் கிடந்தார்கள். காரணம் அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 14 அன்று, நடந்த கார் விபத்து. நேருக்கு நேர் மோதி, பாட்ஸி முன்கண்ணாடி வழியாக வெளியே விழுந்தார். நெற்றி கிழிந்து, இடுப்பு எலும்பு விலகி, மணிக்கட்டு உடைந்து, உயிர் பிழைத்ததே அதிசயம். ஊன்றுகோலோடு ஸ்டூடியோவுக்கு வந்தவருக்கு விலா வலியில் மேல் சுரத்தைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பிராட்லி வாத்தியத்தை மட்டும் டேப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, போய் ஓய்வெடு என்று அனுப்பிவிட்டார். சில வாரம் கழித்து வந்து அந்த டேப்பின் மேல் பாடினார், ஒரே டேக்கில் முடிந்ததாகச் சொல்வார்கள்.

இன்று எல்லாப் பாட்டும் அப்படித்தான் பதிவாகிறது. அன்று நாஷ்வில்லில் அது அபூர்வம். வாத்தியக்காரர்கள் பாடகியைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள், பாடகியும் அவர்களைப் பார்த்துத்தான் பாடுவார். 'கிரேசி'யில் அவர் தனியாக, முடிந்துபோன வாத்தியத்தின் மேல் பாடுகிறார். ஃபிளாய்ட் கிராமரின் பியானோ ஒரு வரி சொல்லி முடித்ததும் பாட்ஸி அரை நொடி தாமதித்து நுழைவதைக் கேளுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்தவரின் நிதானம் அது.

மாலைக்காற்று:
'கிரேசி' வில்லி நெல்சன் எழுதியதா? அவர் பாடகர் இல்லையா?

ஊசிமுனை:
அன்றைக்கு அவரைப் பாடகராக யாரும் மதிக்கவில்லை, பாட்டெழுதி விற்கும் ஆள். இங்கேதான் நான் ஒரு விவகாரமான விஷயம் சொல்லப்போகிறேன், யாரும் அடிக்க வராதீர்கள்.

4 ஸ்டார் ஒப்பந்தம் பாட்ஸியைக் கட்டிப்போட்டது உண்மை. ஆனால் 1955இலேயே இஷ்டப்படி தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்திருந்தால் ஹிட் பாட்டாகத் தேர்ந்தெடுத்திருப்பாரா? எனக்குச் சந்தேகம். 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' அவருக்குப் பிடிக்கவே இல்லை, இது பாப் பாட்டு, எனக்கு வேண்டாம் என்றார். பாட வைத்தது அந்த மெக்கால்தான். 'ஐ ஃபால் டு பீசஸ்' பாட்டிலும் அவருக்குத் தயக்கம், ஜோர்டனேர்ஸ் தன் குரலை அமுக்கிவிடுவார்கள் என்று பயம். 'கிரேசி'யைக் கணவர் சார்லி டிக் வீட்டுக்குக் கொண்டுவந்து திரும்பத் திரும்பப் போட்டதில் அதை எழுதியவன் மேலேயே எரிச்சல். நெல்சன் டெமோவில் தாளத்துக்கு முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு பாடியிருப்பார், அதை அப்படியே பிடிக்கப் பார்த்து முடியாமல் போயிற்று.

அதனால் 1960இல் விடுதலை கிடைத்தது பாட்ஸிக்கு என்பதைவிட பிராட்லிக்கு என்றே சொல்வேன். ஊரில் இருக்கும் எந்த நல்ல பாட்டையும் எடுக்கும் வழி அவருக்குத் திறந்தது. அவர் எடுத்ததைப் பாருங்கள். 'ஐ ஃபால் டு பீசஸ்' ஹாங்க் காக்ரனும் ஹார்லன் ஹோவர்டும் எழுதியது. 'கிரேசி' நெல்சன். 'ஷீஸ் காட் யூ' மறுபடி காக்ரன். மூன்றும் பாம்பர் மியூசிக் என்ற ஒரே பதிப்பகத்துப் பாட்டு! மெக்கால் கடையிலிருந்து வெளியே வந்து இன்னொரு கடைக்குப் போனார், அவ்வளவுதான். இந்தக் கடையில் சரக்கு நல்ல சரக்கு, வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

செம்பருத்தி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. ஊசிமுனை சார், பாட்ஸிக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்ற கதையை யார் சொல்லிச் சொல்லி நமக்கு வந்தது? அங்கே இருந்த ஆண்கள். தயாரிப்பாளர், கணவர், பாடலாசிரியர்கள். அவரோ 30 வயதில் போய்விட்டார், மறுத்துப் பேச ஆள் இல்லை.

'ஷீஸ் காட் யூ' கதையைச் சொல்லுங்களேன். காக்ரன் போன் பண்ணி உனக்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறேன் என்றார். வரும்போது ஒரு மது பாட்டிலும் வாங்கிக்கொண்டு வா என்றார் பாட்ஸி. வந்து பாடிக்காட்டியதும் அழுதுவிட்டு அன்றைக்கே பாட்டைக் கற்றுக்கொண்டார். அவருக்குப் பாட்டுத் தெரியவில்லையா? மேடை ஏறும் முன் காசை எண்ணி வாங்கும் பெண் அவர், காசு வராவிட்டால் கச்சேரி இல்லை. ஊரில் உள்ள பெரிய மனிதர்களையெல்லாம் 'ஹாஸ்' என்று தோளில் தட்டிக் கூப்பிட்டவர். இந்த ஆளையா பிராட்லி கைப்பிடித்து நடத்தினார்?

அப்புறம் 'கிரேசி'. நெல்சன் மாதிரிப் பாட முடியவில்லை என்கிறீர்கள். நெல்சன் மாதிரி பாடாததால்தான் அந்தப் பாட்டு நின்றது. அவர் வழுக்கிய இடத்தில் எல்லாம் பாட்ஸி சுரத்தின் மேல் நேராக வந்து இறங்கினார். முதல் வார்த்தையிலேயே மேலிருந்து கீழே ஒரு பெரிய இறக்கம் இருக்கிறது, அதைச் சறுக்கிக்கொண்டு இறங்காமல் இரண்டு படியாக வைக்கிறார். அதை எந்தத் தயாரிப்பாளரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

கொழும்புக்கோட்டை:
பிள்ளை சரியாகச் சொன்னது. பாடகி லொரெட்டா லின் நாஷ்வில்லுக்குப் புதிசாக வந்த நேரம், பாட்ஸி ஆஸ்பத்திரியில கிடக்கேக்கை வானொலியில அவருக்காகப் பாடினாராம். பாட்ஸி ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, அன்றிலிருந்து உடுப்பு, மேடைப் பழக்கம் எல்லாம் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். தொழில் தெரியாத ஆள் இன்னொரு ஆளுக்குத் தொழில் பழக்க ஏலுமே? லொரெட்டா 1977இல பாட்ஸி பாட்டுகளை மட்டும் பாடி ஒரு முழு இசைத்தட்டே விட்டார்.

ஊசிமுனை:
செம்பருத்தி மேடம், 'ஷீஸ் காட் யூ' விஷயத்தில் உங்களுக்கு ஒரு புள்ளி. ஆனால் அது 1961 கடைசியில். அதற்குள் இரண்டு ஹிட் கொடுத்து, தன் குரலுக்கு எது பொருந்தும் என்பது அவருக்கே தெளிவாகிவிட்டது. 1956இல் அந்தத் தெளிவு இல்லை என்றுதான் சொல்கிறேன். குரல் இருந்தது. குரலுக்கு ஏற்ற பாட்டு சோகமான மெதுவான பாட்டு என்று அவருக்கும் தெரியாது, மெக்காலுக்கும் தெரியாது. 4 ஸ்டார் பதிவுகளில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்: பக்திப் பாட்டு, ராக் அண்ட் ரோல் சாயல், ஹாங்க்கி டாங்க் என்னும் மதுக்கடை ஆட்டப் பாட்டு. எந்தக் கதவு திறக்கும் என்று தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

செம்பருத்தி:
51 தடவை தட்டவிட்டுக் கதவு இல்லாத சுவரைக் காட்டியது யார்? சுற்றி அங்கேதானே வருகிறோம்.

வக்கீல்வண்டு:
மேடம் வாதத்துக்கு நான் ஆஜர்.

டேப்டெக்:
கடைசிப் பதிவுகளைப் பற்றி யாருமே பேசவில்லையே. 1963 பிப்ரவரி 4 முதல் 7 வரை, நான்கு நாள், சுமார் ஒரு டஜன் பாட்டு. மரக்கட்டைக்குப் பிடிக்காத வயலின்கள் இங்கேதான் உச்சத்துக்குப் போகின்றன. 'ஸ்வீட் டிரீம்ஸ்' இந்த நான்கு நாளில் வந்தது. ஆனால் என்னைக் கேட்டால் 'ஃபேடட் லவ்'. பாப் வில்ஸின் பழைய டெக்சாஸ் ஆட்டப் பாட்டு, அதைப் பாதி வேகத்துக்கு இறக்கினார்கள். கடைசி வார்த்தைக்கு முன்னால் பாட்ஸி மூச்சை இழுக்கும் சத்தம் அப்படியே கேட்கும். வேறு தயாரிப்பாளராக இருந்தால் இன்னொரு டேக் எடுத்திருப்பார், அல்லது அந்த இடத்தை வெட்டியிருப்பார். பிராட்லி விட்டுவைத்தார்.

அது முடிந்து ஒரு மாதம் இல்லை. கான்சாஸ் சிட்டியில் காலமான ஒரு வானொலி அறிவிப்பாளரின் குடும்பத்துக்கு நிதி திரட்டிய கச்சேரியில் பாடிவிட்டு, மேனேஜர் ராண்டி ஹியூஸ் ஓட்டிய சின்ன விமானத்தில் கிளம்பி, டென்னசியில் கேம்டன் பக்கத்துக் காட்டில் விழுந்தார்கள். கௌபாய் கோபாஸ், ஹாக்ஷா ஹாக்கின்ஸ் இருவரும் கூட. நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஆல்பங்கள் மூன்றே மூன்று: 1957, 1961, 1962.

மரக்கட்டை:
செத்த பிறகும் விட்டார்களா? ரீவ்ஸோடு ஜோடி சேர்த்தது ஒன்று. 1985இல் அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது ஜெசிகா லாங் வாயசைக்க, பாட்ஸியின் குரலுக்குக் கீழே மறுபடியும் புது வாத்தியம். ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் அந்தந்தக் காலத்து டிரம் சத்தத்தை அவர் குரலுக்கு அடியில் தள்ளினார்கள். மாலைக்காற்று தம்பி, எது வாங்கினாலும் மூலப் பதிவா என்று பார்த்து வாங்குங்கள்.

மாலைக்காற்று:
1967 தொகுப்பைக் கேட்டேன். 'ஷீஸ் காட் யூ' மட்டும் நேற்று ராத்திரி முழுக்க ஓடியது, மனைவி கோபித்துக்கொண்டார். ஒரு சந்தேகம் மட்டும். கடையில் இன்னொரு சிடி பார்த்தேன், ஐரோப்பாவில் அச்சானது, 'முழுப் பதிவுகள்' என்று போட்டிருக்கிறது, விலை ரொம்பக் குறைவு. அதில் 'கிரேசி' இருக்கிறது, 'ஸ்வீட் டிரீம்ஸ்' இல்லை, 'ஃபேடட் லவ்' இல்லை. முழு என்று போட்டுவிட்டு ஏன் இப்படி?

வக்கீல்வண்டு:
ஆகா, இது என் ஏரியா. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கு முன்பு 50 வருடம்தான் உரிமை. பிறகு 70 ஆக்கினார்கள், ஆனால் 2013 நவம்பரில் உரிமை மிச்சம் இருந்த பதிவுகளுக்கு மட்டும். 1962 வரை வெளிவந்தவை அதற்குள் காலாவதி ஆகிவிட்டன, அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 'ஸ்வீட் டிரீம்ஸ்' வெளிவந்தது 1963 ஏப்ரல். நூலிழையில் தப்பி 2033 கடைசி வரை உரிமைக்குள் நிற்கிறது. அந்தச் சல்லிசுக் கம்பெனிகளின் 'முழு' 1962 டிசம்பரோடு முடிந்துவிடும்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டு கிடையாது. 1957 முதல் 1972 பிப்ரவரி நடு வரை வந்த பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 வருடம். இதெல்லாம் பதிவுக்கு மட்டும். பாட்டின் உரிமை தனி, எழுதியவர் ஆயுளையும் தாண்டிப் போகும். வில்லி நெல்சன் 1933இல் பிறந்தவர், இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார், 'கிரேசி' பக்கம் யாரும் போக முடியாது.

மரக்கட்டை:
அப்படியென்றால் ஐரோப்பாவில் 4 ஸ்டாரின் பழைய பதிவுகள் யாருக்கும் சொந்தமில்லை. மெக்கால் இருந்திருந்தால் இந்நேரம் ஸ்டீவன்சன் பேரில் ஒரு கேஸ் போட்டிருப்பார்.

ஊசிமுனை:
சிரித்துவிட்டேன். மாலைக்காற்று, அந்த ஐரோப்பிய சிடியை விட்டுவிடுங்கள். 1991இல் வந்த நான்கு சிடி பெட்டி 'தி பாட்ஸி க்ளைன் கலெக்ஷன்' பழையது எங்காவது கிடைத்தால் எடுங்கள். 1963 பதிவுகள் அதில் உண்டு. 4 ஸ்டார் பாட்டுகளையும் டெக்கா பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுவிட்டு வந்து, நீங்கள் என் கட்சியா செம்பருத்தி மேடம் கட்சியா என்று சொல்லுங்கள்.

செம்பருத்தி:
கேட்கும்போது 1956 'வாக்கின்' பாட்டையும் 1961 'வாக்கின்' பாட்டையும் மறக்காமல் போடுங்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நானும் ஊசிமுனை சார் கட்சி.